உடைதலும் முறிதலும்

மட்டக்களப்பு வாவிக் கரையில் வளரும் குழந்தைக்குச் சொற்களின் நுண்பொருளைக் கற்பிக்க அகராதி வேண்டுவதில்லை; கரையேற்றிய ஒரு தோணியே போதும். துடுப்பு முறியும், தண்ணீர்ப் பானை உடையும், வலை கிழியும், கயிறு அறும். நான்கும் சிதைவே. ஆயினும் 'கயிறு உடைந்தது' என்று பிள்ளையொன்று கூறினால் மீனவர் நகைப்பர். அந்நகைப்பே முதற் பாடம். எல்லாவற்றையும் 'உடைந்தது' என்னும் ஒரே சொல்லில் அடக்கப் பழகிய பிள்ளை, பொருள்களின் வேறுபாட்டையும் நோக்காது விட்டுவிடும்.

இலக்கணம் கூறித் தொடங்கும் ஆசிரியர் இவ்விடத்தே இடறுகின்றார். ஐந்து வயதுக் குழந்தைக்கு வரையறை எதற்கு? காய்ந்த சுள்ளி, முட்டையோடு, பழந்துணி, நூல் ஆகியவற்றை அதன் கையிற் கொடுத்து, செய்துகொண்டே சொல்லச் செய்தல் வேண்டும். பின்னர் ஆசிரியர் வேண்டுமென்றே 'நூல் முறிந்தது' என்று பிழைபடக் கூறலாம். பிள்ளை உடனே மறுக்கும். ஏன் என்று வினவினால், "சுள்ளி விறைப்பு, நூல் வளையும்" என்று தானே காரணம் காணும்.

நீர்நிலைப் பெயர்களில் சற்று விழிப்பு வேண்டும். உன்னிச்சைக் குளம் அணைகட்டித் தேக்கிய நன்னீர். வாவியோ முகத்துவாரத்தில் கடலோடு கலக்கும் உவர்நீர். ஆனால் பழைய நூல்களில் வரும் வாவி தாமரை பூக்கும் பொய்கையாகும். நூல் வழக்கு வேறு, ஊர் வழக்கு வேறு என்று சொல்லிவிட்டால் பிள்ளை மயங்காது.

தொல்காப்பியர் சொல்லதிகாரத்தில் இதற்கோர் அழகிய எடுத்துக்காட்டு வைத்துள்ளார். இழிந்தோன் கேட்பது 'ஈ'. ஒத்தோன் கேட்பது 'தா'. உயர்ந்தோன் கேட்பது 'கொடு'. இன்று 'ஈ' பேச்சில் அருகிவிட்டது. ஆயினும் இரவலன், தோழன், அரசன் என மூவரை வகுப்பில் நிறுத்தி மாங்காய் ஒன்றைக் கேட்கச் செய்தால் அது நல்லதொரு விளையாட்டு.

இனி, பெரியோரும் முடிவுகாணாத ஒன்று உண்டு. கல்லடிப் பாலத்தருகே நிலவுள்ள இரவுகளில் துடுப்பின் ஒருமுனையை நீரில் அமிழ்த்தி, மறுமுனையைச் செவியிற் பொருத்தினால் மெல்லியதோர் ஒலி கேட்கும் என்பர். இதனை ஊரார் மீனின் பாட்டு என்கின்றனர். 1947இல் யாழ் நூலை வெளியிட்ட காரைதீவு விபுலானந்த அடிகள் இதனை நீரரமகளிரின் இசையாகக் கொண்டு பாடினார். ஒலியா, ஓசையா, இசையா, பாட்டா? துடுப்பிற் செவிவைத்த பிள்ளை "முனகுகிறது" என்று கூறினால், ஆசிரியர் அதனைத் திருத்தாதிருத்தல் நலம்.