ஊர் வீட்டை விற்றாச்சு... உறவுகளை எங்கே கூட்டுவது? தரங்கம்பாடியில் 17 பேர், 2 நாள்!

'லீவுக்கு ஊருக்குப் போறோம்' என்று சொல்லும் குடும்பங்கள் குறைந்துகொண்டே வருகின்றன. ஊர் அங்கேயேதான் இருக்கிறது. போய் இறங்க வீடுதான் இல்லை. தாத்தா பாட்டி காலம் முடிந்ததும் வீடு பாகமாகி, பாகம் பணமாகி, பணம் சென்னையிலும் கோவையிலும் ஃப்ளாட்டாக மாறிவிட்டது. அதன்பிறகு சித்தப்பா பிள்ளைகளும் அத்தை பிள்ளைகளும் பார்த்துக்கொள்வது கல்யாண மண்டபத்தில்தான். 'எப்ப வந்தீங்க, சாப்பிட்டீங்களா' என்பதற்குள் பந்திக்குக் கூப்பிட்டுவிடுவார்கள். அவர்களின் குழந்தைகளுக்கோ ஒருவர் பெயர் இன்னொருவருக்குத் தெரியாது.

எங்கள் குடும்பமும் அப்படித்தான். மயிலாடுதுறைப் பக்கம் இருந்த அப்பாயி வீடு ஆறு வருடங்களுக்கு முன்பு கைமாறியது. பாகம் பிரித்ததில் பெரியப்பாவுக்கும் அப்பாவுக்கும் மனத்தாங்கல். சண்டை என்று சொல்ல முடியாது. சண்டை என்றால் நாலு வார்த்தை பேசியாவது இருப்பார்கள். ஒரே அறையில் உட்கார்ந்துகொண்டு, "உங்க பெரியப்பாவுக்குக் காபி வேணுமான்னு கேளும்மா" என்று என் வழியாகப் பேசிக்கொள்வார்கள். நானும் போய்க் கேட்பேன். எட்டடி தூரம்.

இந்த வருடம் பெரியப்பாவுக்கு எண்பது. திருக்கடையூரில் சதாபிஷேகம். அறுபது, எழுபது, எண்பது என்றாலே அபிராமி சந்நிதிதானே! எமனைச் சிவன் உதைத்ததாகச் சொல்லப்படும் தலம் என்பதால் ஆயுள் விசேஷங்களுக்கு எல்லோரும் அங்கேதான் வருகிறார்கள். அத்தைதான் யோசனை சொன்னார்: "விசேஷம் முடிஞ்சதும் ஆளுக்கொரு கார்ல ஏறி ஓடிராதீங்க. பக்கத்துலதான் தரங்கம்பாடி. ரெண்டு நாள் எல்லாரும் ஒண்ணா இருப்போம்." மூத்தவருக்கு எண்பது, கடைக்குட்டிக்கு நாலு. மொத்தம் பதினேழு பேர்.

முழங்கால் வலிக்காரர்களுக்கு ஏற்ற ஊர்

சரித்திர ஊர் என்றாலே பெரியவர்கள் பயப்படுவார்கள். 'எத்தனை படி ஏறணும்?' என்பதுதான் முதல் கேள்வி. தரங்கம்பாடியில் அந்தக் கவலை குறைவு. நகர வாயிலில் இருந்து கடற்கரை வரை ஒரே நேர் தெரு. கிங்ஸ் தெரு என்பார்கள். மெதுவாக நடந்தாலும் பத்து, பதினைந்து நிமிடம்தான். 1701-ல் கட்டப்பட்ட சீயோன் ஆலயம், 1718-ல் கட்டப்பட்ட புதிய எருசலேம் ஆலயம், பழைய கவர்னர் மாளிகை எல்லாம் அந்தத் தெருவிலேயே வரிசையாக வந்துவிடும். தெரு முடிவில் கடல், வலப்பக்கம் கோட்டை. யாரும் யாரையும் தொலைத்துவிட முடியாது. பதினேழு பேரோடு போகும்போது இது எவ்வளவு பெரிய நிம்மதி என்பது போனவர்களுக்குத்தான் தெரியும்.

டேனிஷ் கோட்டையின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1620-ல் தஞ்சை ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் போட்டு டென்மார்க்காரர்கள் கட்டியது. தளபதி பெயர் ஓவ் கெட்டே. மிளகும் துணியும் வாங்கி அனுப்புவதற்கான கிடங்கு, அதைக் காக்க ஒரு கோட்டை, பெயர் டான்ஸ்போர்க். இருநூறு வருடங்களுக்கு மேல் வைத்திருந்துவிட்டு, 1845-ல் வங்காளத்தின் செராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயர்களிடம் விற்றுவிட்டார்கள். இதைச் சொன்னதும் சித்தப்பா, "ரெண்டு ஊருக்கும் சேர்த்தா? நம்ம வீட்டுக்கே அதுக்கு மேல வந்துச்சே!" என்றார். யாரும் சிரிக்கவில்லை. அப்பா கடலைப் பார்த்தார், பெரியப்பா பீரங்கியைப் பார்த்தார்.

கோட்டைக்குள் தமிழகத் தொல்லியல் துறையின் சிறிய அருங்காட்சியகம் இருக்கிறது. வார விடுமுறை உண்டு, முன்கூட்டியே விசாரித்துக்கொண்டு போங்கள். கீழ்த்தளத்தில் கிடங்குகளும் சிறை அறையும் இருக்கின்றன. மேலே ஏறினால் நேரெதிரே வங்கக் கடல். பெரியவர்களைக் கீழே நிழலில் உட்கார வைத்துவிட்டுப் பிள்ளைகளை மட்டும் மேலே அனுப்பினோம். நண்பகலில் போகாதீர்கள், கல் சூடாகிவிடும், குழந்தைகள் அழுவார்கள். மாலை நாலரைக்கு மேல் போனால் காற்று தூக்கும்.

மணலில் எழுதிப் படித்தவர்

எனக்குப் பிடித்தது கோட்டையைவிடத் தெருவில் இருந்த கதைதான். 1706 ஜூலையில் இந்தக் கரையில் வந்து இறங்கியவர் சீகன்பால்கு. ஜெர்மன்காரர், டென்மார்க் மன்னர் அனுப்பிய மதபோதகர். இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த இளைஞர். தமிழ் ஒரு எழுத்துகூடத் தெரியாது. திண்ணைப் பள்ளிக்கூடத்துச் சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து, மணலில் விரலால் எழுதித்தான் 'அ, ஆ' கற்றுக்கொண்டார் என்பார்கள். ஊரில் இருந்த டேனிஷ் தளபதிக்கும் அவருக்கும் ஒத்துப்போகவில்லை. 1708-ல் இதே கோட்டையில் சில மாதங்கள் சிறை வைக்கப்பட்டார். வெளியே வந்தவர் அச்சு இயந்திரம் வரவழைத்தார். 1715-ல் தமிழ்ப் புதிய ஏற்பாடு முழுமையாக அச்சேறியது. ஜெர்மனியில் செய்து வந்த தமிழ் எழுத்துகள் பெரியதாக இருந்து காகிதத்தை விழுங்கியதால், பாலாடைக்கட்டி வந்த டப்பாக்களின் ஈயத்தை உருக்கிச் சிறிய எழுத்துகளை இங்கேயே வார்த்தார்கள் என்று ஒரு கதை உண்டு. பக்கத்தில் பொறையாரில் காகிதப் பட்டறையும் போட்டார்கள். 36 வயதிலேயே காலமாகிவிட்டார். தான் கட்டிய எருசலேம் ஆலயத்திலேயே அடக்கமாகியிருக்கிறார்.

(வாட்ஸ்அப்பில் 'தமிழின் முதல் அச்சுப் புத்தகம் தரங்கம்பாடியில்தான்' என்று வந்தால் நம்பாதீர்கள். 1578-லேயே கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சாகிவிட்டது. தரங்கம்பாடியின் பெருமைக்கு அந்தப் பொய் தேவையே இல்லை.)

அத்தை பேரன் பெங்களூரில் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறான். தமிழ் பேசுவான், படிக்கத் தெரியாது. சதாபிஷேகப் பத்திரிகையில் தன் பெயர் எங்கே இருக்கிறது என்று அவனுக்கு இன்னொருவர் காட்ட வேண்டியிருந்தது. சின்னக் குழந்தைகள் அதை வைத்துக் கிண்டல் செய்ய, அன்றைக்கு முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். சீகன்பால்கு கதையை யாரும் அவனுக்கென்று சொல்லவில்லை; பொதுவாகத்தான் சொன்னோம். சாயங்காலம் பார்த்தால் என் இரண்டாம் வகுப்பு மகள் மணலில் குச்சியால் எழுத, அவன் பக்கத்தில் உட்கார்ந்து கீழே அதையே எழுதிக்கொண்டிருந்தான். 'ழ' மட்டும் ஐந்து தடவை அழித்து எழுதினான். அத்தை போட்டோ எடுக்கப் போனபோது, "வேணாம் பாட்டி, போங்க" என்று துரத்திவிட்டான்.

கடல் எடுத்தது

கோட்டைக்கு வடக்கே கடலை ஒட்டி மாசிலாமணி நாதர் கோயில். 14-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்தது. அன்றைக்கு இந்த ஊருக்குச் சடங்கன்பாடி என்று பெயர். கோயிலின் முன்பகுதியைக் கடல் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிட்டது. இப்போது கல் கொட்டித் தடுத்திருக்கிறார்கள்.

2004 டிசம்பர் 26 சுனாமியில் பெரும் உயிரிழப்பைச் சந்தித்த ஊர் இது. கிங்ஸ் தெருவில் பல வீடுகள் அதற்குப் பிறகு பழுதுபார்க்கப்பட்டு அழகாக நிற்கின்றன. இரண்டு தெரு தள்ளி மீனவர் குடியிருப்புகள். அங்கே செல்போனைத் தூக்கிக்கொண்டு வீட்டு வாசலில் எல்லாம் ரீல்ஸ் எடுக்கும் கூட்டத்தைப் பார்த்தபோது எரிச்சலாக இருந்தது. படம் எடுக்கத் தெரு முழுக்கப் பழைய கட்டடங்கள் இருக்கின்றன. வலை பின்னுகிறவர்களை விட்டுவிடலாம். கடலில் குளிக்கவும் இறங்காதீர்கள். பாறையும் அலையும் அதிகம். எங்கள் பிள்ளைகளுக்குக் கணுக்கால் வரைதான் அனுமதி, அதுவும் ஒரு பெரியவரின் கையைப் பிடித்துக்கொண்டு.

எட்டு ஸ்டேஷன்

இரண்டாம் நாள் காலை, டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது பேச்சு ரயிலுக்குப் போனது. மாயவரத்தில் இருந்து தரங்கம்பாடிக்கு ஒரு காலத்தில் மீட்டர் கேஜ் ரயில் ஓடியது. 1926-ல் தொடங்கி 1986-ல் நிறுத்தப்பட்டது. "இங்க ட்ரெயினா?" என்று பிள்ளைகள் நம்பவில்லை. ஒருவன் மேப்பைத் திறந்து, "லைனே இல்லையே" என்றான்.

பெரியப்பா விரல்விட்டு எண்ணத் தொடங்கினார். "மாயவரம், மன்னம்பந்தல், செம்பனார்கோயில், திருக்கடையூர்..."

"ஆக்கூர் எங்க போச்சு?" என்றார் அப்பா. பேப்பரில் இருந்து தலையை எடுக்காமல்.

"ஆக்கூர் திருக்கடையூருக்கு முன்னாடிடா."

"அதைத்தான் சொல்றேன், விட்டுட்டீங்க."

"சரி, ஆக்கூர், திருக்கடையூர், தில்லையாடி, பொறையார், தரங்கம்பாடி. போதுமா?"

ஆறு வருடத்தில் நேருக்கு நேர் பேசிய முதல் பேச்சு, ஆக்கூர் ஸ்டேஷனைப் பற்றியது. அத்தை என் கையை அழுத்தினார். நாங்கள் யாரும் வாயைத் திறக்கவில்லை. அப்புறம் இருவரும் ரயில் எத்தனை மணிக்கு வரும், அப்பாயி கட்டிக்கொடுத்த புளிச்சோற்றை யார் அதிகம் தின்றது, தண்டவாளம் சாலைக்கு எந்தப் பக்கம் போனது என்று ஒரு மணி நேரம் சண்டை போட்டார்கள். வீட்டைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. பேசவேண்டிய கணக்கு இன்னும் இருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். அதைத் தரங்கம்பாடியில் வைத்து முடிக்க வேண்டும் என்று யாரும் நினைக்கவும் இல்லை.

திரும்பும்போது அப்பா காரின் முன்சீட்டில் பெரியப்பா ஏறிக்கொண்டார். வழியில் தில்லையாடியில் நிறுத்தினோம். தென்னாப்பிரிக்காவில் காந்தியின் போராட்டத்தில் சிறை சென்று, 1914-ல் பதினாறு வயதில் உயிர்விட்ட வள்ளியம்மையின் குடும்பத்துக்குச் சொந்த ஊர் இது. நினைவு மண்டபம் இருக்கிறது. அரை மணி நேரம் போதும், ஆனால் விட்டுவிடாதீர்கள். 'எங்க வயசா?' என்று பிள்ளைகள் கேட்டார்கள்.

கூட்டமாகப் போகிறவர்களுக்கு...

முகூர்த்த நாள்களில் திருக்கடையூரில் அறை கிடைப்பது குதிரைக்கொம்பு. விசேஷத் தேதி முடிவானதுமே தங்குமிடத்தையும் முடித்துவிடுங்கள். தரங்கம்பாடியில் தங்கும் இடங்கள் குறைவு; கடலைப் பார்த்த அறை கிடைத்தால் சூரிய உதயத்தைக் கட்டிலில் இருந்தே பார்க்கலாம். ரயிலில் வருகிறவர்கள் மயிலாடுதுறை ஜங்ஷனில் இறங்கி பஸ்ஸிலோ வேனிலோ வரலாம். ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடலாம்.

சாப்பாட்டில்தான் எங்களுக்குக் கொஞ்சம் பஞ்சாயத்து. விசேஷம் முடிந்த கையோடு மீனா என்று பெரியம்மா முகம் சுளித்தார். கடற்கரை ஊருக்கு வந்து சாம்பாரா என்று இளசுகள் முறுக்கிக்கொண்டன. முதல் நாள் சைவம், மறுநாள் மதியம் அவரவர் இஷ்டம் என்று அத்தை தீர்ப்பு சொன்னார். காரைக்கால் பக்கத்தில்தான், 'அங்கே பெட்ரோல் விலை குறைவு' என்று சித்தப்பாக்கள் வண்டியைத் திருப்பினால், கூடவே ஒரு சித்தியையும் ஏற்றி அனுப்புங்கள்.

பணத்தில் மனக்கசப்பு வராமல் இருக்க, கிளம்பும்போதே குடும்பத்துக்கு இவ்வளவு என்று ஒரு பொதுப் பையில் போட்டுவிட்டோம். அத்தை மகள்தான் கஜானா. டீக்கடைக் கணக்கு முதல் வேன் வாடகை வரை இரவே குரூப்பில் போட்டுவிடுவாள். 'நான் கொடுக்கிறேன், நீ கொடு' என்று கல்லாப்பெட்டி முன்னால் நடக்கும் மல்யுத்தம் இல்லாமல் போனது.

கடைசியில் பையில் 1,140 ரூபாய் மீதி. திருப்பித் தர மாட்டாளாம். அடுத்த டூருக்கு அட்வான்ஸ் என்கிறாள். செஞ்சியா, காரைக்குடியா என்று குரூப்பில் ஓட்டெடுப்பு ஓடுகிறது. பெங்களூர்ப் பையன் 'செஞ்சி' என்று தமிழில் டைப் செய்திருந்தான்.