படத்தில் உம்மா எங்கே?

குழந்தையிடம் ஒரு படப் புத்தகம் கொடுங்கள். எழுத்துத் தெரியாவிட்டாலும் அது படத்தைப் படித்துவிடும். "இது அம்மா. இது தாத்தா. இது நம்ம வீடு" என்று விரல் வைத்துச் சொல்லும்.

முஸ்லிம் வீட்டுச் சிறுமியும் இப்படித்தான் தேடுவாள். அவளுடைய உம்மாவைப் போல ஒருத்தி அந்தப் பக்கத்தில் இருக்கிறாளா?

அந்தமானில் கேட்க வேண்டிய கேள்வி இது. 2011 கணக்கெடுப்பின்படி அந்தமான் நிக்கோபார் தீவுகளில் நூற்றுக்கு 8 பேருக்கு மேல் முஸ்லிம்கள். பல மொழி பேசுகிறவர்கள். தெற்கு அந்தமானில் மஞ்சேரி, திரூர், வண்டூர் என்று ஊர்கள் உண்டு. எல்லாம் கேரளத்து ஊர்ப் பெயர்கள். அவை எப்படி இங்கே வந்தன? 1921-ல் மலபாரில் வெள்ளைக்கார அரசை எதிர்த்துக் கலகம் நடந்தது. பிடிபட்ட மாப்பிள்ளை முஸ்லிம்கள் பலரை அரசு அந்தமானுக்கு அனுப்பியது. பிறகு பெண்களும் பிள்ளைகளும் கப்பலேறி வந்தார்கள். குடியேறிய இடத்துக்குச் சொந்த ஊரின் பெயரையே வைத்தார்கள்.

கடல் தாண்டி வந்து குடும்பத்தை நிலைநிறுத்திய பெண்கள் இவர்கள். ஆனால் படப் புத்தகங்களில் முஸ்லிம் பெண் எப்போது வருகிறாள்? பெரும்பாலும் ரம்ஜான் பக்கத்தில் மட்டும். கையில் பிரியாணித் தட்டு இருக்கும். பக்கத்தைத் திருப்பினால் அவள் இல்லை. பிரியாணியில் குற்றம் இல்லை. மற்ற நாளெல்லாம் அவள் எங்கே போனாள்? பஸ் ஏறவில்லையா? வேலைக்குப் போகவில்லையா? சில படங்களில் கறுப்பு உடையும் சோகமான இரண்டு கண்களும்தான் தெரியும். முக்காடு போடுகிறவர்கள் உண்டு. போடாதவர்களும் உண்டு. ஓவியர் ஒரே மாதிரி வரைந்தால், பார்க்கும் பிள்ளைகளும் ஒரே மாதிரிதான் நினைப்பார்கள்.

வேறு விதமான புத்தகங்களும் வந்திருக்கின்றன. அதில் ஒன்று ஈராக் நாட்டில் நடந்த உண்மைக் கதை. பாஸ்ரா நகரத்து நூலகத்தின் தலைவி ஆலியா முகமது பேகர். 2003-ல் போர் வரப்போகிறது என்று தெரிந்தது. புத்தகங்களை வேறு இடத்துக்கு மாற்ற அனுமதி கேட்டார். கிடைக்கவில்லை. ஆலியா சும்மா இருக்கவில்லை. இரவு நேரங்களில் தன் காரிலேயே புத்தகங்களை வீட்டுக்குக் கொண்டுபோனார். போர் ஊருக்குள் வந்தது. நூலகத்துக்குப் பக்கத்தில் ஒரு உணவு விடுதி இருந்தது. அதன் சொந்தக்காரரும் அக்கம்பக்கத்தாரும் கைகொடுத்தார்கள். நடுவே இருந்த சுவருக்கு மேலே புத்தகங்களைக் கைமாற்றி விடுதிக்குள் சேர்த்தார்கள். சில நாளில் நூலகம் எரிந்து போனது. சுமார் 30,000 புத்தகங்கள் தப்பின.

அமெரிக்க ஓவியர் ஜானெட் வின்டர் 2005-ல் இதைப் படப் புத்தகமாக்கினார். தலையில் துணி கட்டிய ஒரு பெண் கை நிறையப் புத்தகம் சுமக்கிறாள். அதுதான் படம். பார்க்கும் குழந்தைக்கு முதலில் தெரிவது அவள் செய்யும் வேலை.

2019-ல் வந்த இன்னொரு புத்தகம் ஒரு பள்ளிக்கூடக் கதை. அக்கா முதல் நாள் நீலத் தலைத்துணி கட்டிப் பள்ளிக்குப் போகிறாள். சில பிள்ளைகள் கேலி செய்கிறார்கள். தங்கையின் கண்ணுக்கோ அந்த நீலம் கடலும் வானமும்போலத் தெரிகிறது. இதை எழுதிய இருவரில் ஒருவர் இப்திஹாஜ் முகமது. 2016 ஒலிம்பிக்கில் தலைத்துணியோடு வாள் வீசி, குழுப் போட்டியில் வெண்கலம் வென்ற அமெரிக்கப் பெண்.

நம் நாட்டிலும் ஒரு பழைய கதை உண்டு. வங்கத்தில் பிறந்தவர் பேகம் ரொக்கேயா. பெண்கள் வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும் என்ற காலத்தில் வளர்ந்தவர். இரவில் ரகசியமாகப் படித்தார். 1905-ல் 'சுல்தானாவின் கனவு' என்ற கதையை எழுதினார். அது முதலில் வெளிவந்தது சென்னைப் பத்திரிகை ஒன்றில்! அந்தக் கதையில் பெண்கள் நாட்டை ஆளுகிறார்கள். வெயிலின் சூட்டில் சமைக்கிறார்கள். ஆண்கள் வீட்டுக்குள் இருக்கிறார்கள். நூறு ஆண்டு கழித்து, 2005-ல், சென்னையின் தாரா பதிப்பகம் அதைப் படங்களோடு வெளியிட்டது. படம் வரைந்தவர் கோண்டு பழங்குடி ஓவியர் துர்கா பாய். முஸ்லிம் பெண்ணின் கனவைப் பழங்குடிப் பெண் வரைந்தார்.

இந்தப் புத்தகங்கள் எல்லா ஊருக்கும் வந்து சேர்வதில்லை. தீவுக்கு வருவது இன்னும் சிரமம். அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. இரண்டு வெள்ளைத்தாளை மடித்துத் தையுங்கள். மகளிடம் பென்சில் கொடுங்கள். அவள் தினமும் பார்ப்பதை வரையட்டும். பம்பூஃப்ளாட்டில் போட் ஏறி சாத்தம் போகும் அக்கா. ரேஷன் கடை வரிசையில் பக்கத்து வீட்டு மாமி. ஒவ்வொரு படத்துக்குக் கீழும் நீங்கள் ஒரு வரி எழுதுங்கள். முதல் பக்கத்துக்கு இந்த வரி போதும்: "உம்மா ஜெட்டியில் நிற்கிறாள். கையில் புத்தகம் இருக்கிறது."