நோயாளர் பராமரிப்புத் தொழிற்பயிற்சி: சேரத் தகுதியுடையோர் யார்?

கடத்தூர் ஒன்றியத்தில் கிராம சபை கலைந்த பின்னர், ஆலமரத்தடியிலோ பள்ளித் திண்ணையிலோ நம்மைச் சூழ்ந்து கொள்ளும் விவசாயப் பெருமக்கள் வினவுவன பெரும்பாலும் கிணறு, சாலை, தெருவிளக்கு, பயிர்க்கடன் ஆகியவை பற்றியனவாகவே இருக்கும். அண்மைக் காலமாக அவற்றோடு மற்றொரு வினாவும் சேர்ந்துள்ளது. "பொண்ணு பத்தாவது பாஸ் பண்ணியிருக்குதுங்க. ஆஸ்பத்திரியில ட்ரெயினிங் குடுத்து, சம்பளமும் குடுக்கறாங்களாம். அனுப்பலாமுங்களா?" என்பதே அது. இதற்கு ஒரே சொல்லில் ஆம் என்றோ இல்லை என்றோ விடை கூற இயலாது. ஊராட்சிப் பொறுப்பிலிருப்போர் இதன் விவரங்களை அறிந்திருந்தால், வழி கேட்டு வரும் குடும்பங்களுக்குத் தக்க யோசனை கூற ஏதுவாயிருக்கும்.

இத்தகைய பயிற்சிக்கு இன்று தேவை மிகுந்து வருகிறது. நம் பகுதியில் பிள்ளைகள் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் பிழைக்கப் போய்விட, மரவள்ளிக் காட்டையும் ஆட்டுக்குட்டிகளையும் பார்த்துக் கொண்டு முதியோர் மட்டும் இருக்கும் வீடுகள் பலவாகிவிட்டன. 2021 ஆகஸ்டு 5ஆம் நாள், 2004 வரை நம் மாவட்டத்தோடு இணைந்திருந்த கிருஷ்ணகிரிப் பகுதியிலுள்ள சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் தொடங்கப் பெற்றது. மகளிர் சுய உதவிக் குழுக்களிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட தன்னார்வலர்கள் வீடு தேடிச் சென்று இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் பார்க்கலாயினர். படுக்கையில் கிடப்போரைப் பேணுவதும் கற்றறிய வேண்டியதொரு தொழில் என்பதைப் பலர் அப்போதே கண்ணாரக் கண்டனர். பக்கவாதம் கண்டவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் படுக்க வைக்காவிடில் முதுகில் புண் விழும். விழுங்கச் சிரமப்படுபவரை நிமிர்த்தி அமர்த்தாமல் கஞ்சி புகட்டினால் அது மூச்சுக் குழலில் இறங்கிவிடும். இவற்றை அன்பு ஒன்றினாலேயே தெரிந்து கொள்ள முடியாது.

முதலில் ஒரு வேறுபாட்டை மனத்தில் இருத்தல் வேண்டும். பராமரிப்பு உதவியாளர் வேறு, செவிலியர் வேறு. செவிலியர்கள் முறையான படிப்பை முடித்துச் செவிலியர் மன்றத்தில் பதிவு பெற்றவர்கள். நம் மாநிலத்தில் 1926ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இப்பதிவு நடந்து வருகிறது. கிராம மக்கள் 'ஏ.என்.எம்.' என்றழைக்கும் துணைச் செவிலியர் படிப்பு இரண்டாண்டுகள் கொண்டது. அதில் சேரப் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்ச்சியும், 17 முதல் 35 வயதுக்குள் இருத்தலும், உடல் தகுதிச் சான்றும் வேண்டும். பத்தாம் வகுப்போடு ஏ.என்.எம். ஆன காலம் ஒன்று இருந்தது. அதை எண்ணி இன்றும் பெற்றோர் சிலர் ஏமாறுகின்றனர். பராமரிப்பு உதவியாளரோ நோயாளியைக் குளிப்பாட்டல், உணவூட்டல், படுக்கை மாற்றல், தூக்கி அமர்த்தல், வெப்பநிலை குறித்தல் ஆகியவற்றைச் செவிலியரின் மேற்பார்வையில் செய்பவர். ஊசி போடுவது அவர் வேலையன்று. ஆறு மாதப் பயிற்சியில் 'நர்ஸ்' ஆக்கிவிடுவதாக எவரேனும் கூறினால் அங்கேயே எச்சரிக்கை கொள்ளுதல் நலம்.

உதவியாளர் தொழிலைச் சம்பாதித்துக் கொண்டே கற்பதற்கான வழி 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டமாகும். மில்லுக்கும் பட்டறைக்கும் உரிய சட்டம் இது என்றே நெடுநாள் கருதப்பட்டது. 2014ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, பட்டியலிலுள்ள தொழில்கள் மட்டுமன்றி நிறுவனங்கள் தாமே வகுத்துக் கொள்ளும் தொழில்களுக்கும் பழகுநரைச் சேர்க்கலாம் என்றாயிற்று. மருத்துவமனைகளுக்கும் வாயில் திறந்தது. சட்டம் கேட்கும் தகுதிகள் சில. குறைந்தபட்ச வயது 14. அபாயகரமான தொழிலாயின் 18. நோயாளிகளைத் தூக்குவதும் இரவில் விழித்திருப்பதும் பிஞ்சு வயதினருக்கு ஏற்றவையல்ல. ஆகவே சட்டம் இடந்தந்தாலும், 18 நிரம்பாதவரை இத்தொழிலுக்கு அனுப்ப வேண்டாம் என்பதே நம் கருத்து. படிப்புத் தகுதி அந்தந்தப் பயிற்சிக்கென வகுக்கப்படுவது. மருந்துச் சீட்டைப் படிக்கவும் குறிப்பேட்டில் எழுதவும் வேண்டியிருப்பதால் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி பெற்றிருப்பது நல்லது. உடல் தகுதியும் சட்டப்படி அவசியம்.

உடல் தகுதி என்றவுடன் உயரம், எடை என்று எண்ணிவிடலாகாது. முதுகுவலி உள்ளவர் இத்தொழிலில் நிலைத்திருக்க இயலாது. இரத்தத்தைத் தொடும் வேலையாதலால் மஞ்சள் காமாலை வகையான ஹெபடைட்டிஸ்-பி நோய்க்குத் தடுப்பூசி போட்டுக் கொள்ள வேண்டும். அது மூன்று தவணை. முதல் ஊசியிலிருந்து மூன்றாவது வரை ஆறு மாதம் ஆகும். சேர்வதாக முடிவு செய்த நாளிலேயே முதல் ஊசியைப் போட்டுக் கொள்வது உத்தமம். மலசலம் எடுப்பதைக் கேவலமாகக் கருதும் வழக்கம் நம் ஊர்களில் இன்னும் மாறவில்லை. "இதுக்குப் போனா பொண்ணு கேட்டு யார் வருவாங்க?" என்று நம்மிடமே கேட்ட தாய்மார் உண்டு. அத்தாயின் மாமியாருக்கு அதே பணியை அவரே நான்காண்டுகள் ஊதியமின்றிச் செய்தவர் என்பதை நினைவூட்டினோம். சிரித்தாரேயன்றி மறுமொழி கூறவில்லை.

பழகுநராகச் சேர்பவருக்கும் நிறுவனத்துக்கும் இடையே எழுத்து மூலமான ஒப்பந்தம் ஏற்பட்டு, அது அரசின் பயிற்சி வலைத்தளத்தில் பதிவாக வேண்டும். 18 வயது நிரம்பாதவராயின் பெற்றோர் அல்லது காப்பாளர் கையொப்பமிடுவர். உதவித்தொகை பெறுவது பழகுநரின் உரிமை. 2019இல் திருத்திய விதிகளில் ஐந்து முதல் ஒன்பதாம் வகுப்பு வரை படித்தோருக்கு மாதம் ரூ.5,000, பத்தாம் வகுப்பினருக்கு ரூ.6,000, பன்னிரண்டாம் வகுப்பினருக்கு ரூ.7,000 எனக் குறைந்தபட்ச அளவு வகுக்கப்பட்டது. இவற்றை 36 விழுக்காடு உயர்த்த மத்திய தொழிற்பழகுநர் மன்றம் 2025 மே மாதத்தில் பரிந்துரைத்தது. ஆதலின் சேரும் நாளில் நடைமுறையிலுள்ள தொகை யாதெனக் கேட்டறிந்து கையொப்பமிடுக. 2016இல் தொடங்கிய தேசியத் தொழிற்பழகுநர் ஊக்குவிப்புத் திட்டத்தின் கீழ் அரசும் ஒரு பங்கு தருகிறது. பயிற்சியில் விபத்து நேர்ந்தால் இழப்பீடு தரும் பொறுப்பு நிறுவனத்தைச் சேர்ந்தது. ஆனால் பழகுநர் பயிற்சியாளரே, தொழிலாளர் அல்லர். பயிற்சி முடிந்ததும் வேலை தரவேண்டும் என்ற கட்டாயமும், ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருந்தாலன்றி, இல்லை. இதை முன்னரே தெரிந்து கொண்டு போனால் பின்னர் மனத்தாங்கல் நேராது.

முன்னர் நாம் பணியாற்றிய வேறொரு ஒன்றியத்தில் நேர்ந்ததை இங்கே சொல்லியாக வேண்டும். 'இலவச மருத்துவப் பயிற்சி முகாம்' என்று சிலர் வந்தனர். ஊராட்சிக் கட்டடத்தை அவர்களுக்குத் தரலாம் என்று சொன்னது நாமே. முகாமில் பெயர் கொடுத்த ஒரு வெற்றிலைக்கொடி விவசாயியின் மகளிடம் பயிற்சிக் கட்டணம் என்று முப்பதாயிரம் ரூபாய் வாங்கினர். மதிப்பெண் சான்றிதழின் அசலையும் வாங்கி வைத்துக் கொண்டனர். ஓராண்டு கழித்துக் கிடைத்த சான்றிதழை எந்த மருத்துவமனையும் ஏற்கவில்லை. அசலைத் திரும்பப் பெறவே மூன்று மாதம் அலைந்தோம். பணம் திரும்பவில்லை. அந்த முகாமுக்கு முன் நாம் இரண்டே கேள்விகள் கேட்டிருந்தால் போதும்: ஒப்பந்தம் எங்கே பதிவாகிறது? உதவித்தொகை யார் கணக்கில் எவ்வளவு வரவாகிறது? பழகுநர் பயிற்சியில் பணம் நிறுவனத்திலிருந்து பயிற்சியாளருக்குச் செல்லும். பயிற்சியாளரிடமிருந்து நிறுவனத்துக்குச் செல்வதானால் அது வேறு ஏதோ ஒன்று. அசல் சான்றிதழைச் சரிபார்த்து உடனே திருப்பித் தரவேண்டும். நகலே கோப்பில் இருக்க வேண்டும்.

நேரே மருத்துவமனையில் இடம் கிடைக்காதவர்க்கு, 2014இல் தொடங்கிய தீனதயாள் உபாத்தியாய கிராமப்புறத் திறன் பயிற்சித் திட்டம் உண்டு. ஏழைக் கிராமக் குடும்பங்களைச் சேர்ந்த 15 முதல் 35 வயது வரையினர் இதில் சேரலாம். பெண்களுக்கும் மாற்றுத் திறனாளிகளுக்கும் 45 வரை தளர்வு உண்டு. கணவனை இழந்து நாற்பது வயதில் பிழைப்புத் தேடும் சகோதரிகளுக்கு இத்தளர்வு பெரிதும் பயன்படும். இதை அறியாமல் "வயசாயிடுச்சு" என்று ஒதுங்கி விடுவோர் பலர்.

விண்ணப்பிக்கு முன் ஆதார் அட்டை, பள்ளி மாற்றுச் சான்றிதழ், மதிப்பெண் சான்றிதழ் ஆகிய மூன்றிலும் பெயரும் பிறந்த தேதியும் ஒன்றாயிருக்கின்றனவா என்று பார்த்துக் கொள்க. முதலெழுத்து மாறியிருப்பதால் மட்டுமே பதிவு தடைப்படுவது நம் ஒன்றியத்தில் அடிக்கடி காணும் செய்தி. வங்கிக் கணக்கு பயிற்சியாளர் பெயரிலேயே, ஆதாருடன் இணைந்திருக்க வேண்டும். தந்தையின் கணக்கு உதவாது. ஐயம் தீரத் தருமபுரியிலுள்ள மாவட்டத் திறன் பயிற்சி அலுவலகத்தை அணுகலாம். அங்கே போகுமுன் கடத்தூர் ஒன்றிய அலுவலகத்துக்கு வந்தால், தாள்களைப் பார்த்து, குறையிருப்பின் எங்கே திருத்த வேண்டும் என்று சொல்லி அனுப்புவோம்.