கடலுக்குப் போகாத நண்டு

அணையில் போதிய இருப்பு உள்ள ஆண்டுகளில் மேட்டூர் கிழக்கு, மேற்குக் கரைக் கால்வாய்களில் ஆகஸ்ட் 1 அன்று தண்ணீர் விடுவார்கள். சேலம், நாமக்கல், ஈரோடு மாவட்டங்களில் 45,000 ஏக்கர் பாயும். சேறடித்து நாற்று நடும்போது, வரப்பு வளைக்குள் கோடையைக் கழித்த நண்டுகளும் வெளியே வரும். இளநாற்றைக் கத்தரித்துப் போடும். வரப்பைத் துளைத்து, கட்டிய தண்ணீரை அடுத்த வயலுக்கு ஒழுகவிடும். விவசாயிக்கு எரிச்சல், சளி பிடித்தவருக்கு ரசம்.

நண்டு, இறால் வகையறாவில் பெரும்பாலானவை குஞ்சுப் பருவத்தைக் கடலில் கழிப்பவை. தமிழகக் கடலில் இழுவை மடியில் சிக்கும் தட்டைச் சிங்கி இறாலையே பார்க்கலாம். அதற்குக் கொடுக்கு கிடையாது. நீண்ட மீசை இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு அகலத் தட்டுகள். பகலில் மணலில் புதைந்து கிடந்து, இரவில் மட்டி தேடும். முட்டையிலிருந்து வெளிவருவதோ, இறால் சாயலே இல்லாத, கண்ணாடி இலை போன்ற ஓர் உயிர். சொறி மீன்மேல் தொற்றி மிதந்து, அதையே தின்று, பலமுறை சட்டை உரித்த பிறகுதான் கடல் தரைக்கு இறங்கும். சென்னைக்குத் தெற்கே கோவளத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் இதை முட்டையிலிருந்தே வளர்த்துக் காட்டியிருக்கிறது.  

வயல் நண்டு இந்தப் பருவங்கள் அத்தனையையும் முட்டைக்குள்ளேயே முடித்துவிடுகிறது. கடல் நண்டு லட்சக்கணக்கில் பொடி முட்டை விடும். இது விடுவது சில நூறுதான். ஆனால் ஒவ்வொன்றும் மஞ்சள் கரு நிறைந்த பெரிய முட்டை. தாய் நண்டைப் புரட்டி வயிற்று மடிப்பைத் தூக்கினால், காலும் கொடுக்கும் முளைத்த குட்டி நண்டுகள் மொய்த்துக்கொண்டிருக்கும். அவை தாமாக இறங்கி நடக்கும்வரை தாய் சுமக்கும்.

காவிரி இறாலுக்கு அந்த வசதி இல்லை.

அது பெரிதாவது ஆற்றில். ஆனால் குஞ்சு பிழைக்க முகத்துவாரத்தின் உப்புக் கலந்த நீர் வேண்டும். தேறிய குஞ்சு மறுபடி ஆற்றில் எதிரேற வேண்டும். வழியில் கல்லணை, முக்கொம்பு மேலணை, மாயனூர் கதவணை, ஜேடர்பாளையம் தடுப்பணை என்று வரிசையாகக் குறுக்கே நிற்கின்றன. 1934-இல் முடிந்த மேட்டூர் அணையை ஏறிக் கடப்பது நடக்கிற காரியமில்லை.

ஜேடர்பாளையத்தில் பிரியும் ராஜவாய்க்கால் பாசனத்தில், வாழைக்கும் வெற்றிலைக்கும் நடுவே நெல் போட்ட வயல்களில், நண்டுக்கு அணை ஒரு பொருட்டே இல்லை. ஈரமண் வரப்பு போதும். வாய்க்கால் கரைக்குச் சிமெண்டு பூசிய இடங்களில்தான் அதற்கு வளை தோண்ட வழியில்லை.