தேசிக்காயும் பார் மூன்றும்

பாரிஸின் லா ஷப்பேல் மெத்ரோவில் இறங்கி ரூ து ஃபொபூர் சேன்-தெனிக்குள் நுழைந்தால் தமிழ்க் கடைகளில் தேசிக்காய் குவிந்திருக்கும். ஒன்றைப் பிழிவோம். சாற்றில் லீற்றருக்கு 0.0040 மோல் ஹைட்ரோனியம் அயன் என்று வையுங்கள். பி.எச். எவ்வளவு? லிசேயில் படிக்கும் பிள்ளை அதைப் 'பே-ஆஷ்' என்பாள். கல்குலேட்டரில் 'லொக்' பொத்தானை அமத்தி, குறியை மாற்றுவாள். 2.397940009.

பக்கத்திலேயே 'எல்என்' பொத்தான். விரல் தவறினால் 5.52. அதன் அடி 10 அல்ல, 2.718, அதனால் விடை 2.303 மடங்கு பெருத்துவிடும். 0.0040ஐ 4×10⁻³ என்று அமத்தி, அடைப்புக்குறியை மறந்தாலும் வில்லங்கம்தான்: சில கல்குலேட்டர்கள் 4க்கு மட்டும் மடக்கை எடுத்து, பிறகு ஆயிரத்தால் வகுத்து, -0.0006 என்று காட்டும். அது பரவாயில்லை, பார்த்தவுடன் பிழை தெரியும். 5.52தான் பொல்லாதது. கோப்பிக்குப் பொருந்தும் எண் அது. தேசிக்காய்க்கு எழுதினாலும் சந்தேகம் வராது. பாக் பரீட்சைக்குக் கல்குலேட்டரில் விளக்குச் சிமிட்டும் 'பரீட்சை முறை' உண்டு. இந்தப் பிழைக்கு அந்த விளக்கு சிமிட்டாது.

யாழ்ப்பாணத்தில் படித்த தகப்பன்மார் கையில் இருந்தது மடக்கை அட்டவணை. 4க்கு நேரே 0.6021. அதற்கு முன்னால் 3, அதன் தலையில் ஒரு கோடு: 'பார் மூன்று'. மூன்று மட்டும் மறை, தசமம் நேர். கூட்டினால் -2.3979, குறியை மாற்றினால் 2.40. கோடு முழுவதற்கும் என்று நினைத்தவர் 3.60 எழுதி அடி வாங்கியிருப்பார்.

ஆனாலும் அந்தக் கோடு ஒன்றைப் பிரித்துக் காட்டியது. செறிவு 0.040 ஆனால் பார் இரண்டு. தசமம் அதே 0.6021. முன்னெண் பத்தின் அடுக்கை மட்டும் சொல்கிறது. அளந்து பெற்ற இலக்கங்கள் தசமத்துக்குள் இருக்கின்றன. அதனால்தான் இரண்டு இலக்கம் அளந்தால் பி.எச்.சில் இரண்டு தசமம் போதும். மீதி ஏழு இலக்கமும் திரையின் அலங்காரம்.

1909இல் கோப்பன்ஹேகனில், கார்ல்ஸ்பெர்க் பியர் ஆலையின் ஆய்வுகூடத்தில், இரசாயனவியலாளர் சொரென்சென் பி.எச். அளவுகோலை உண்டாக்கியதே பத்தின் மறை அடுக்குகளைச் சுமந்து திரியாமல் இருக்கத்தான்.

பாக் எழுதும் பிள்ளைகளே, பொத்தானை அமத்துமுன் அடுக்கைப் பாருங்கள். 4.0ஐப் பத்தின் -3ஆம் அடுக்கால் பெருக்கியிருந்தால் விடை 2க்கும் 3க்கும் நடுவில்தான். திரையில் 5.52 நின்றால், நீங்கள் தொட்டது பக்கத்துப் பொத்தான்.