தொப்பூர் கணவாயும் நெட்வொர்க் மோதலும்

கம்ப்யூட்டர் வாங்கி, வீட்டில் இன்டர்நெட் இணைப்பும் பெற்றவர்கள் "கொலிஷன்" என்ற சொல்லை எங்கேனும் சந்தித்திருப்பீர்கள். நெட்வொர்க் பற்றிய எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் இது வரும். இதன் பொருள் மோதல் என்பதுதான். மோதல் என்றால் என்ன என்று தர்மபுரி மாவட்டத்தில் உள்ளவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. தொப்பூர் கணவாய் என்று சொன்னாலே போதும்.

தர்மபுரியிலிருந்து சேலம் செல்லும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை, தொப்பூர் அருகே வளைவுகளுடன் சரிவாக இறங்குகிறது. 2020 டிசம்பர் 12 அன்று, கட்டுப்பாட்டை இழந்த லாரி ஒன்று இங்கே வரிசையாக நின்றிருந்த கார்கள் மீது மோதியதில் நான்கு பேர் இறந்தனர். 2024 ஜனவரி 24 அன்று லாரிகளும் காரும் அடுத்தடுத்து மோதி, மீண்டும் நான்கு உயிர்கள் போயின.

இங்கே என்ன நடக்கிறது என்று சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஓடும் பொருளுக்கு இயக்க ஆற்றல் உண்டு. வேகம் இரண்டு மடங்கானால் இந்த ஆற்றல் நான்கு மடங்காகும். சரக்குடன் 25 டன் எடையுள்ள லாரி, மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் செல்கையில் சுமார் 9 லட்சம் ஜூல் ஆற்றலைக் கொண்டிருக்கும். 60 கி.மீ. வேகத்தில் அது சுமார் 35 லட்சம் ஜூல். ஆனால் அதே லாரி 100 மீட்டர் உயரம் கீழே இறங்கினால், புவியீர்ப்பு அதற்குத் தருவது ஏறத்தாழ 245 லட்சம் ஜூல்! இதனை எங்காவது செலவழித்தாக வேண்டும். கியரில் இறங்கினால் இன்ஜினே இதில் பெரும் பகுதியைத் தடுத்து வாங்கிக் கொள்கிறது. டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் இறங்கினால் முழுச் சுமையும் பிரேக் மீதுதான். பிரேக் சூடேறி, பிடிப்புக் குறைந்து, கடைசியில் மிதித்தாலும் நிற்பதில்லை. மிச்சம் பிடிக்கும் டீசலுக்கு இது மிகப் பெரிய விலை.

சரி, கம்ப்யூட்டர் பத்திரிகையில் லாரிக் கணக்கு எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். சாலையில் மோதும் லாரி "மறுபடியும் முதலிலிருந்து வருகிறேன்" என்று சொல்ல முடியாது. நெட்வொர்க்கில் மோதும் டேட்டாவால் அது முடியும். வித்தியாசம் முழுவதும் இங்குதான் இருக்கிறது.

ஒரே கேபிளில் இணைந்த இரண்டு கம்ப்யூட்டர்கள் ஒரே நேரத்தில் டேட்டா அனுப்பினால், இரண்டின் மின் அலைகளும் ஒன்றன் மேல் ஒன்று கூடிவிடும். எதையும் நொறுக்குவதில்லை, ஆனால் படிக்க முடியாதபடி இரண்டும் குழம்பிவிடும். இதைத்தான் கொலிஷன் என்கிறோம். குழம்பியது அனுப்பிய பிரதி மட்டுமே. மூலம் அனுப்பிய கம்ப்யூட்டரின் மெமரியில் பத்திரமாக இருக்கிறது. எனவே மீண்டும் அனுப்பினால் போயிற்று.

இதிலும் ஒரு சிக்கல் உண்டு. மோதிய இரண்டும் உடனே மீண்டும் அனுப்பினால் மறுபடியும் மோதும். 1971ல் ஹவாய்ப் பல்கலைக்கழகம், தீவுகளில் இருந்த கம்ப்யூட்டர்களை ரேடியோ மூலம் இணைத்த அலோஹா நெட்வொர்க்கில் இதற்கு வழி கண்டது. ஒவ்வொரு கம்ப்யூட்டரும் சீட்டுக் குலுக்கியது போல ஏதோ ஒரு நேரம் காத்திருந்து பின்னர் அனுப்ப வேண்டும். இதனை அடிப்படையாகக் கொண்டு, 1973ல் ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் ராபர்ட் மெட்காப் ஈதர்நெட்டைத் திட்டமிட்டார். ஈதர்நெட்டில் முதல் மோதலுக்குப் பின் காத்திருப்பது 0 அல்லது 1 அலகு. அடுத்த மோதலில் 0 முதல் 3 வரை ஏதேனும் ஒன்று; அதற்கடுத்து 0 முதல் 7 வரை. இப்படியே 1023 வரை செல்லும். நெரிசல் கூடக் கூட, தானே பொறுமையையும் கூட்டிக் கொள்கிறது. 16 முறை முயன்றும் முடியாவிட்டால் கைவிட்டுவிடும். பழைய 10 மெகாபிட் ஈதர்நெட்டில் ஓர் அலகு என்பது 51.2 மைக்ரோ செகண்ட் மட்டுமே. எனவே இதெல்லாம் உங்களுக்குத் தெரியாமலேயே முடிந்துவிடும்.

ஹப் என்ற சாதனத்தின் இடத்தை ஸ்விட்ச் பிடித்த பின்னர், கேபிளில் மோதல் ஏறத்தாழ இல்லை. ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் தனிப் பாதை கிடைத்துவிட்டது. வைஃபையில் அப்படி இல்லை. காற்று எல்லாருக்கும் பொது. பக்கத்து வீட்டு ரவுட்டரும் உங்கள் ரவுட்டரும் ஒரே சேனலில் இருந்தால் ஒன்றுக்கொன்று காத்திருக்க வேண்டியதுதான். மாலை நேரத்தில் வேகம் குறைந்தால், ரவுட்டரின் செட்டிங்ஸ் பகுதியில் சேனலை மாற்றிப் பாருங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸில் 1, 6, 11 ஆகியவை ஒன்றின் மீது ஒன்று படியாதவை. உங்கள் ரவுட்டரில் 5 கிகாஹெர்ட்ஸ் இருந்தால் அதில் சேனல்கள் அதிகம், தூரம்தான் குறைவு.

மூலமே அழிந்துபோகும் மோதலும் கம்ப்யூட்டரில் உண்டு. அது பைல் பெயர் மோதல். சாலை மோதலைப் போல இதிலும் திரும்ப வழியில்லை. ஒரு போல்டரில் ஒரே பெயரில் இரண்டு பைல்கள் இருக்க முடியாது. ஆண்ட்ராய்ட் போனில் வாட்ஸ்அப், வரும் படங்களுக்குத் தேதியையும் அன்றைய வரிசை எண்ணையும் சேர்த்துப் பெயரிடுகிறது. உங்கள் போனிலும் மனைவியின் போனிலும் ஒரே நாளில் வந்த முதல் படத்திற்கு ஒரே பெயர் இருக்கும். படங்கள் வேறு வேறு! இரண்டு போன்களையும் ஒரே போல்டரில் காப்பி செய்தால், விண்டோஸ் என்ன செய்வது என்று கேட்கும். அவசரத்தில் "ரீப்ளேஸ்" என்பதில் கிளிக் செய்தால் முதலில் இருந்த படம் போய்விடும். ரீசைக்கிள் பின்னில் தேடினாலும் கிடைக்காது.

எனவே அந்த விண்டோவில், ஒவ்வொரு பைலுக்கும் நாமே முடிவு செய்யும் மூன்றாவது வரியைத் தேர்ந்தெடுங்கள். அடுத்து வரும் விண்டோவில் இரு பக்கத்திலும் மேலே உள்ள கட்டங்களில் டிக் செய்து, கன்டினியூ பட்டனை அழுத்துங்கள். புதிய பைலின் பெயருடன் ஓர் எண் சேர்க்கப்பட்டு, இரண்டும் தங்கிவிடும். ஒவ்வொரு போனுக்கும் முதலிலேயே தனி போல்டர் உருவாக்கிவிட்டால் இந்தக் கேள்வியே வராது.