ஆச்சி வீட்டில் கோடை விடுமுறை

மே மாதத்தில் பள்ளிகள் விடுமுறை விட்டதும் வடக்கிலிருந்து தெற்கு நோக்கிச் செல்லும் தொடர்வண்டிகளில் தமிழ்க் குடும்பங்கள் நிறைந்துவிடுகின்றன. தில்லி நிஜாமுதீனிலிருந்து கன்னியாகுமரி வரை ஓடும் திருக்குறள் விரைவு வண்டி திருநெல்வேலியை அடைய ஏறத்தாழ இரண்டு நாள் ஆகும். சம்பல், நருமதை, கோதாவரி, கிருஷ்ணை, காவிரி என ஆறுகள் ஒவ்வொன்றாகப் பின்னே போன பிறகே தாமிரபரணி வரும். குழந்தைக்குக் கிடைக்கும் விடுமுறை ஏறத்தாழ நாற்பது நாள். தந்தைக்கோ தாய்க்கோ அலுவலகத்தில் கிடைக்கும் விடுப்பு அதில் கால் பங்கு இருந்தாலே பெரிது. ஆகவே பெற்றோர் குழந்தையை ஊரில் விட்டுவிட்டுத் திரும்புகின்றனர். பிறகு பள்ளி திறக்கும் வரை அது தாத்தா, பாட்டியின் பொறுப்பு.

தாத்தா, பாட்டி என்னும் சொற்களைத் தமிழர் அனைவரும் அறிவர். எனினும் வீட்டுக்குள் வழங்கும் சொற்கள் ஊருக்கு ஊர் மாறும். திருநெல்வேலிப் பக்கத்தில் பாட்டி ‘ஆச்சி’ ஆவார். மதுரைப் பக்கத்தில் தந்தையைப் பெற்றவர் ‘அப்பத்தா’, தாயைப் பெற்றவர் ‘அம்மாச்சி’. கொங்கு நாட்டில் தாயின் தாய் ‘அம்மாயி’. தமிழ் முசுலிம் வீடுகள் பலவற்றில் ‘நன்னி’ என்பர். செட்டிநாட்டில் தாயைப் பெற்ற பாட்டியை ‘ஆயா’ என்பர். பள்ளியில் சிறு குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணையே அச்சொல்லால் அறிந்த குழந்தை இதைக் கேட்டுத் திகைப்பதுண்டு. ‘பேரன்’ என்னும் சொல் ‘பெயரன்’ என்பதன் திரிபு. பாட்டனின் பெயரைத் தாங்குபவன் என்பது அதன் பொருள். முன்னாளில் மாமனாரின் பெயரை மருமகள் உரக்கச் சொல்லும் வழக்கம் இல்லை. அதனால் தாத்தாவின் பெயரையே பெற்ற பேரனுக்குப் பதிவேட்டில் ஒரு பெயரும் வீட்டில் அழைக்க வேறொரு பெயரும் வாய்த்தன.

குழந்தை வருவதற்கு ஒரு வாரம் முன்பே அவ்வீட்டில் வேலை தொடங்கிவிடுகிறது. கைக்கெட்டும் இடத்தில் இருந்த இரத்த அழுத்த மாத்திரைகள் உயரமான அலமாரிக்குச் செல்கின்றன. கிணற்றின் மேல் கம்பிவலை போடப்படுகிறது. பால்காரரிடம் நாள்தோறும் கூடுதலாக அரை லிட்டர் சொல்லி வைக்கப்படுகிறது. காரம் குறைத்து இட்லிப்பொடி தனியே இடிக்கப்படுகிறது. எழுபது வயதை நெருங்கிய இருவர் ஓடியாடும் குழந்தையைப் பார்த்துக்கொள்வது எளிய செயல் அன்று. ஆற்றுக்குப் போனால் படித்துறையின் மேற்படிகளில்தான் குளியல். தாத்தாவின் கை குழந்தையின் கையை விடுவதில்லை. அக்கினி நட்சத்திர நாள்களில் பகல் பதினொரு மணிக்கு மேல் வெயில் தாழும் வரை வாசற்கதவு திறக்கப்படுவதில்லை. இவையெல்லாம் குழந்தைக்குக் கெடுபிடியாகத் தோன்றலாம். பிறர் பிள்ளையை நம்பி ஏற்றவரின் அச்சம் அது. தம் மகளின் பிள்ளையே ஆனாலும் அந்த அச்சம் இருக்கத்தான் செய்யும்.

முதல் மூன்று இரவுகள் கடினமானவை. பகலெல்லாம் ஆட்டுக்குட்டியின் பின்னே ஓடிய குழந்தை, விளக்கை அணைத்ததும் அம்மாவைத் தேடி அழும். அந்நேரத்தில் தொலைபேசியில் அம்மாவின் குரலைக் கேட்கச் செய்தால் அழுகை கூடுமே தவிரக் குறையாது. ஆதலால் பட்டறிவுடைய பாட்டியர் பேச்சைக் காலை நேரத்துக்கு ஒதுக்கிவிட்டு, இரவில் கதையைத் தொடங்குகின்றனர். தமிழ்நாட்டில் கதை கேட்பவர் சும்மா இருத்தல் ஆகாது. ஒவ்வொரு தொடருக்கும் ‘உம்’ கொட்ட வேண்டும். ‘உம்’ நின்றுவிட்டால் குழந்தை உறங்கிவிட்டது என்று பொருள். தமிழில் விடையளிக்கத் தயங்கும் குழந்தையும் உம் கொட்டுவதற்குத் தயங்குவதில்லை. முதல் நாள் கதையில் பாதிதான் விளங்கும். அதே கதை மூன்றாம் இரவும் வரும். நான்காம் இரவில் ஆச்சி வேண்டுமென்றே நரியை ஓநாய் ஆக்கிச் சொன்னால், “ஓநாய் இல்லை, நரி!” என்று குழந்தை தமிழிலேயே திருத்தும்.

மொழியில்தான் இவ்விடுமுறையின் பெரிய சிக்கல் உள்ளது. தில்லியில் வளரும் குழந்தை வீட்டில் தமிழைக் கேட்கிறது. ஆனால் பள்ளியிலும் விளையாட்டுத் திடலிலும் இந்தியிலேயே பேசுகிறது. பெற்றோர் அதனிடம் “நீ வா”, “நீ சாப்பிடு” என்கின்றனர். காதில் விழுந்த வடிவத்தையே அதுவும் கற்றுக்கொண்டு, “தாத்தா, நீ வா” என்கிறது. திண்ணையில் அமர்ந்திருக்கும் அயலார் முகம் சுளிப்பர். குழந்தையிடம் மரியாதைக் குறைவு இல்லை. ‘நீங்கள் வாருங்கள்’ என்று சொல்லிப் பழகுவதற்கு அதன் வீட்டில் முதியவர் எவரும் இருந்ததில்லை, அவ்வளவே.

இன்னொரு பிழை இதைவிட நுட்பமானது. இந்தியில் ‘ஹம்’ என்னும் ஒரே சொல் இரண்டு பொருளுக்கும் உரியது. தமிழில் கேட்பவரையும் சேர்த்துச் சொன்னால் ‘நாம்’; அவரை விலக்கிச் சொன்னால் ‘நாங்கள்’. தில்லிச் சிறுமி ஒருத்தி ஆச்சியின் சேலை நுனியைப் பிடித்துக்கொண்டு, “நாங்கள் நாளைக்குக் கோயிலுக்குப் போவோமா?” என்று கேட்பாள். ஆச்சியையும் அழைத்தே அவள் கேட்கிறாள். ஆச்சியின் காதில் விழுவது வேறு. “அப்போ ஆச்சி வர வேண்டாமா?” என்பார். சிறுமிக்குத் தான் செய்த தவறு விளங்காது. இலக்கண நூலில் ‘உளப்பாட்டுத் தன்மைப் பன்மை’ என்று படித்தால் இந்த வேறுபாடு மனத்தில் தங்குவது அரிது. ஆச்சியின் வாடிய முகத்தைக் கண்ட குழந்தைக்கு அது தங்கிவிடுகிறது.

தமிழகத்துப் பள்ளிகள் பெரும்பாலும் ஜூன் மாதத் தொடக்கத்திலேயே திறந்துவிடும். மாமன் மக்களும் சித்தி மக்களும் புத்தகப் பையுடன் புறப்பட, தில்லிக் குழந்தைக்கு இன்னும் சில நாள் விடுமுறை எஞ்சியிருக்கும். துணையற்ற அந்நாள்களில்தான் தாத்தா உண்மையில் தோழர் ஆகிறார். கண்புரையால் எழுத்து மங்கிய அவருக்கு நாளிதழின் தலைப்புகளைக் குழந்தை எழுத்துக் கூட்டிப் படித்துக் காட்டுகிறது. நகரப் பேருந்தின் பெயர்ப் பலகையில் ‘பாளை’ என்றிருந்தால் அது பாளையங்கோட்டை என்று அறிகிறது.

நுங்கும் பதநீரும் அக்காலத்திலும் கிடைக்கும். பனை தமிழ்நாட்டின் மாநில மரம். அதன் பாளையைச் சீவி, கீழே கலயம் கட்டினால் இனிய சாறு சொட்டும். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவியிருந்தால் சாறு புளிக்காமல் பதநீராக இருக்கும். தடவாவிட்டால் அது கள்ளாகிவிடும். பதநீரைக் காய்ச்சி இறுக்கினால் கருப்பட்டி. இதைத் தாத்தா விளக்கிக்கொண்டிருக்கையில், பனையோலைப் பட்டையை இரு கைகளாலும் ஏந்திய குழந்தை பாதியைச் சட்டையில் சிந்தியிருக்கும்.

நடுப்பகலில் பல்லாங்குழி. வரிசைக்கு ஏழாக இரு வரிசையில் பதினான்கு குழிகள். குழிக்கு ஐந்து புளியங்கொட்டைகள் என்றால் மொத்தம் எழுபது. குழியில் நான்கு சேர்ந்துவிட்டால் அதற்குப் ‘பசு’ என்று பெயர்; அதற்கு உரியவர் எடுத்துக்கொள்ளலாம். குழந்தை மனத்துக்குள் இந்தியில் எண்ணி, வாயால் தமிழில் சொல்லும். நாள்கள் செல்லச் செல்ல அந்த இடைவெளி குறைகிறது. ஆச்சி விட்டுக்கொடுத்து ஆடுவார் என்று எண்ண வேண்டா. பெரும்பாலான ஆச்சியர் பல்லாங்குழியில் இரக்கம் காட்டுவதில்லை.

புறப்படும் நாளன்று கருப்பட்டி, முறுக்கு, இட்லிப்பொடி என்று பெட்டி கனத்துவிடுகிறது. வண்டி நகர்ந்த பின் தாத்தாவும் ஆச்சியும் நடைமேடையில் சற்று நேரம் நின்றுவிட்டு வீடு திரும்புகின்றனர். கூடுதல் அரை லிட்டர் பால் வேண்டாம் என்று பால்காரரிடம் சொல்ல இரண்டு நாள் ஆகிறது. இலையுதிர்கால விடுமுறையில் வரலாம் என்றால், பத்து நாளில் நான்கு நாள் வண்டியிலேயே கழிந்துவிடும். ஆகவே அடுத்த மே மாதம்தான். தொடர்வண்டியில் முன்பதிவு 60 நாள்களுக்கு முன்னே தொடங்குகிறது. புத்தாண்டு நாள்காட்டி வீட்டுக்கு வந்ததும், பொங்கலுக்கு முன்பே, மார்ச் மாதத் தாளைத் திருப்பித் தாத்தா ஒரு தேதியைச் சுற்றிச் சிவப்பு மையால் வட்டமிடுகிறார்.